பசுவின் பின்னங்கால்

கடந்த ஜனவரிக் கடைசியில், நான்கு காட்சிகளில் ஒரு பசு மாட்டின் பின்பாதியாக நடித்தேன். வசனம் கிடையாது, முகம் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. எனக்கு முன்னால் நிற்பவரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற பக்கமெல்லாம் குனிந்தபடியே போக வேண்டும், அவ்வளவுதான். 'நீ போயும் போயும் மாட்டுக்குள்ள எப்படி மாட்டின?' என்று ஊரிலிருந்து அம்மா இன்னும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொன்ன மாதிரியும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், டெர்பிஷயரில் ஒரு சிற்றூர். வந்து இரண்டு வருடமாகியும் எனக்குத் தெரிந்த முகங்கள் பள்ளி வாசலில் நிற்கும் நாலைந்து அம்மாக்கள்தான். செப்டம்பரில் ஒரு நாள், எட்டு வயது மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஊர் நாடகக் குழு 'ஜாக்கும் அவரைக்கொடியும்' பான்டோமைம் போடப் போகிறது, ஞாயிறு மதியம் ஆள் தேர்வு, யாரும் வரலாம் என்று போட்டிருந்தது. பான்டோமைம் என்றதும், முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு இல்லாத கண்ணாடியைத் தடவுவார்களே, அதுதான் என்று நினைத்தேன். மகள் கூச்சக்காரி. வாய் திறக்க வேண்டியதில்லை என்றால் அவளுக்குச் சரிப்படும் என்று கூட்டிப்போனேன்.

ஹாலுக்குள் நுழைந்தால் காது கிழிந்தது. 'ஓ நோ இட் இஸ்ன்ட்!' என்று ஒரு பக்கம் கத்த, 'ஓ யெஸ் இட் இஸ்!' என்று மறுபக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பான்டோ என்பது பிரிட்டிஷ்காரர்களின் கிறிஸ்துமஸ் காலத்துக் கூத்து. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், ஜாக் என்று ஏதாவது ஒரு குழந்தைக் கதை. ஜாக் கதையில், பசுவைக் கொடுத்து வாங்கிய மந்திர அவரை விதை வானம் வரை கொடியாக வளர, பையன் அதில் ஏறி ராட்சசன் கோட்டைக்குப் போவான். அதில் பாட்டு, கடி ஜோக், உள்ளூர் நக்கல், மூஞ்சியில் நுரை அப்புவது எல்லாம் உண்டு. கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. வில்லன் வந்தால் 'பூ' என்று ஊளையிட வேண்டும், நாயகனுக்குப் பின்னால் பேய் வந்து நின்றால் 'உனக்குப் பின்னாடி!' என்று அலற வேண்டும். ஒரு காலத்தில் இது பெரும்பாலும் பேசாத ஆட்டமாகத்தான் இருந்ததாம். லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை ஓரிரு அரங்குகளுக்கு மட்டும் இருந்த காலம் அது. 1843இல் சட்டம் மாறி எல்லா அரங்குகளும் பேசலாம் என்றானது. 'அன்றைக்குத் திறந்த வாயை நாங்கள் இன்னும் மூடவில்லை' என்றார் எங்கள் டேம்.

டேம் யாரென்று சொல்ல வேண்டும். ஜாக்கின் அம்மா வேடம். அதை ஆண்தான் போடுவார். எங்கள் டேம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆறடிக்கு மேல் உயரம், குரல் தகர டப்பாவில் கல் உருட்டியது போல. ஜாக் வேடமோ பெண்ணுக்கு. முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, தொடையைத் தட்டித் தட்டி வீரம் பேசுவாள். ஆண் ஸ்திரீபார்ட் கட்டுவது புதுக்கோட்டைப் பக்கத்துக்காரியான எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊர் ஸ்திரீபார்ட் பெண்ணாகவே தெரிய வேண்டும் என்று மெனக்கெடுவார். டேம் அப்படி மெனக்கெட்டால் ஆட்டம் படுத்துவிடும். கவுன் மாட்டிய ஆம்பளை என்பது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். 1888 முதல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் டேம் வேடத்தில் கொடிகட்டிப் பறந்த டேன் லீனோவின் படத்தை வாத்தியார் தன் ஒப்பனைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். நம் ஆட்கள் பிள்ளையார் படம் ஒட்டுகிற இடம்.

மகளுக்குக் கிராமத்துப் பிள்ளைகள் கூட்டத்தில் இடம் கிடைத்தது. பிள்ளைகள் மேடையேற இங்கே ஏகப்பட்ட விதிகள். எங்கள் குழு கவுன்சிலிடம் மொத்தமாக ஒரு ஒப்புதல் வாங்கிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அதிகபட்சம் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் என்று, கவுன்சில் பதிவு செய்த காப்பாளர்கள் கூடவே இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் நான் முதலில் பெயர் கொடுத்தேன். குற்றப் பின்னணிச் சோதனைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது இயக்குநர் அம்மாள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். 'உங்கள் உயரம் என்ன?' ஐந்தடி ஒன்று என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பின்னங்காலாக இருந்தவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சையாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் காப்பாளர் வேறு எதுவும் செய்யக் கூடாது என்பதால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மாட்டை எடுத்தேன். ஏன் என்று கேட்டால், மேடை பயம் உள்ளவளுக்கு அதைவிடப் பத்திரமான இடம் மேடையில் வேறு கிடையாது.

ஒத்திகை செவ்வாய் இரவும் ஞாயிறு மதியமும். முன்னங்கால் ஓய்வுபெற்ற தபால்காரர். காட்சி நெருங்கும்வரை எங்களுக்குத் தோலே கிடையாது. இருவரும் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஹாலைச் சுற்றி நடந்தோம். மாடு எந்தக் காலை எப்போது எடுத்து வைக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் தொடங்கினேன். வீட்டில் மாடு கட்டி வளர்ந்தவள் நான். ஆனால் இது வேறு மாடு. உண்மையான மாட்டைப் போல நடந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். முன்பாதி நின்ற பிறகும் பின்பாதி இரண்டடி அதிகம் வந்து முட்ட வேண்டும். முன்பாதி வெட்கப்பட்டால் பின்பாதி கால்மேல் கால் போட வேண்டும். டேம் பால் கறக்கும்போது வலது காலை மட்டும் மெல்லத் தூக்கி, ஒரு எண்ணிக்கை நிறுத்தி, பால்வாளிக்குள் வைக்க வேண்டும். அந்த ஒரு எண்ணிக்கைக்கு மட்டும் மூன்று ஞாயிறு போனது. சீக்கிரம் வைத்தால் வாளி தட்டிய சத்தம்தான் கேட்கும், சிரிப்பு வராது. தாமதித்தால் டேம் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். ஒன்று, நிறுத்து, வை. ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் கால் தானாகத் தூக்கியது.

நவம்பர் கடைசியோடு எல்லோரும் வசனத் தாளைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றார் இயக்குநர். எனக்கென்ன, வசனமே இல்லை. மற்றவர்கள் திணறுவதைத் தேநீரோடு வேடிக்கை பார்த்தேன். வில்லன் எப்போதும் கூட்டத்தைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடப்பக்கமிருந்துதான் வருவார், தேவதை வலப்பக்கமிருந்து. இடக்கை என்றால் ஆகாது என்பது இவர்களிடமும் இருந்திருக்கிறது. அவசரத்தில் ஒரு நாள் வில்லன் வலப்பக்கமாக வந்துவிட, வாத்தியார் அவரைத் திருப்பி அனுப்பி மறுபடி வரச் சொன்னார். கடவுள் நம்பிக்கை துளியும் இல்லாதவர் வாத்தியார்.

அதைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று உண்டு. பான்டோவின் கடைசி இரண்டு வரிகள் எதுகையோடு முடியும். அந்த வரிகளை முதல் காட்சிக்கு முன்னால் யாரும் உரக்கச் சொல்லக் கூடாது, சொன்னால் ஆட்டம் விளங்காது. ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் 'டம்டி டம்டி டம்' என்று முடித்துக்கொள்வார்கள். எங்கள் இயக்குநர் ஒரு படி மேலே போய், எல்லோருடைய பிரதியிலும் அந்த வரிகள்மேல் காகிதம் ஒட்டியிருந்தார். சொல்ல வேண்டிய ஜாக்குக்கும் டேமுக்கும் மட்டும் தெரியும். இதில் என்னை மகள் படுத்தியது கொஞ்சநஞ்சமில்லை. அம்மா, என்னவா இருக்கும்? அக்டோபரிலிருந்து தினமும் இதே கேள்வி.

ஏன் ஜனவரி என்று கேட்கலாம். டிசம்பரில் ஹால் கிடைக்காது, ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். பெரிய அரங்குகளில் தொழில்முறை பான்டோக்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவை முடிந்து, ஊரே குளிரில் சுருண்டு கிடக்கும்போது எங்கள் ஊர்க் கூத்து வரும்.

காட்சிக்கு நான்கு நாள் முன்னால் வாடகைப் பசு வந்தது. பெட்டியைத் திறந்ததும் போன வருடத்து வியர்வை எங்களை வரவேற்றது. தோலை துவைக்க முடியாது. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி அசரவில்லை. தெளிப்பானில் வோட்காவும் தண்ணீரும் கலந்து உள்பக்கம் முழுக்க அடித்துக் காயவிட்டார். நாடக உடைகளுக்கு இது பழைய வைத்தியமாம். நாற்றம் போனது உண்மை. ஆனால் அன்று ராத்திரி நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

சரி, முதல் காட்சி. வியாழன் இரவு, நூற்றுப் பத்து நாற்காலியும் நிறைந்துவிட்டது. மூன்று மாதம் காலி ஹாலில் ஒத்திகை பார்த்ததற்கும் அன்றைக்கும் சம்பந்தமே இல்லை. ஒத்திகையில் வில்லன் பேசி முடித்ததும் யாரோ ஒருவர் கடமைக்கு 'பூ' என்பார். அன்று அவர் ஒரு காலை மேடையில் வைத்ததுமே ஹால் கொதித்தது. பசுவுக்குள் எனக்கு எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் தபால்காரரின் முதுகு, பெல்ட், தோலின் தையல் ஓட்டையில் ஊசி முனை அளவு வெளிச்சம். கால் பாவிய பலகை மட்டும் சத்தத்தில் அதிர்ந்தது. பால் கறக்கும் இடம். காலைத் தூக்கினேன். ஒன்று. நிறுத்தினேன். அந்த ஒரு நொடியில் ஹாலில் யாரோ ஒரு குழந்தை 'வேண்டாம், வேண்டாம்' என்று பசுவைக் கெஞ்சியது தெளிவாகக் கேட்டது. வைத்தேன். சிரிப்பு வந்து மோதியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர். வோட்கா வாடையால் என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை அவரைக்கொடி மக்கர் செய்தது. பச்சைத் துணி சுற்றிய கயிறு, மேலே கப்பி, பக்கவாட்டில் இருவர் இழுக்க வேண்டும். இடி, புகை எல்லாம் ஒழுங்காக வந்தது, கொடி டேமின் இடுப்பு உயரம் வரை வந்து நின்றுவிட்டது. இழுக்கிறார்கள், வரவில்லை. டேம் அதைச் சுற்றி வந்து, மோந்து பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, 'இந்த வருஷம் உரம் விலை அப்படி' என்றார். பிறகு ஜாக்கிடம், 'போப்பா, ராட்சசன் தரைத்தளத்துக்குக் குடிவந்துவிட்டானாம்.' கைதட்டல் அடங்குவதற்குள் பின்னாலிருந்தவர்கள் கப்பியைச் சரிசெய்துவிட்டார்கள். கொடி ஏறியது. சனிக்கிழமை பழுதில்லாமல் ஏறிய கொடிக்கு அதில் பாதிக் கைதட்டல்கூட இல்லை.

இடைவேளையில் பரிசுச் சீட்டு. ஒரு ஒயின் பாட்டில், ஒரு சாக்லேட் பெட்டி, ஒரு செடித் தொட்டி. அந்தக் காசு ஹால் கூரைக்கு. முடிவுக்கு முன்னால், பாட்டு எழுதிய பெரிய துணியை இறக்கி, ஹாலை இரண்டாகப் பிரித்து யார் சத்தமாகப் பாடுகிறார்கள் என்று போட்டி வைப்பார்கள். வேடிக்கைக்காக என்று நினைத்திருந்தேன். துணிக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஆறு நிமிடத்தில் ராட்சசன் கோட்டையைக் கழற்றிக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும், அத்தனை பேரும் ஜிகினா உடைக்கு மாற வேண்டும். இருட்டில் அரைகுறை உடையில் முப்பது பேர் நுனிக்காலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பசுவுக்குக் கழுத்தில் ஒரு பூமாலை மட்டும்.

பிறகு எல்லோரும் வரிசையாக வந்து வணங்க, கடைசியில் ஜாக்கும் டேமும் முன்னால் வந்தார்கள். நான் குனிந்தபடியே காதைத் தீட்டினேன். ஜாக் வாய் திறந்ததும் கூட்டம் எழுந்து கத்த ஆரம்பித்துவிட்டது. மாட்டுத் தோலுக்குள் ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.

திரைக்குப் பின்னால் போனதும் தபால்காரரின் முதுகைத் தட்டி, 'என்ன சொன்னார்கள்?' என்று கேட்டேன். அவர் தலையைக் கழற்றி, மேசையில் வைத்திருந்த காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, 'என்ன கேட்டாய்?' என்றார். மாட்டுத் தலைக்குள் அது விசிலடிக்கும் என்பதால் மூன்று வருடமாக அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடிக்கிறாராம்.

நான்கு காட்சியிலும் இதே கதை. ஞாயிறு காலை தோசை சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன். அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'இப்ப சொல்லலாமா?' என்றாள். சொல்லலாம் என்றதும் கைகளை விரித்து முழுக்கச் சொன்னாள். அப்படியொன்றும் பிரமாதமான வரிகள் இல்லை.

அடுத்த வருடம் அலாவுதீன். ஒட்டகம் உண்டாம். அதற்குள் நிமிர்ந்து நிற்க முடியுமா என்று விசாரித்திருக்கிறேன்.