சாங்கியில் விசா இல்லாமல் வெளியே வர

மார்ச் 4

சென்னையிலிருந்து சிட்னி, திருச்சியிலிருந்து டோக்கியோ என்று சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வழியாகப் போகிற இந்திய பாஸ்போர்ட்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசாவை அல்ல, பெட்டியை. ஒரே டிக்கெட்டாக இருந்து, பெட்டிக்குக் கடைசி ஊர்வரை டேக் போட்டிருந்தால் குடிநுழைவு (இமிகிரேஷன்) பக்கமே போக வேண்டாம். 1, 2, 3ஆம் முனையங்களை ஸ்கைடிரெயின் என்ற சிறு ரயில் இணைக்கிறது, 4க்கு பஸ். சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டும் தேவையில்லை.

தனித்தனியாக இரண்டு மலிவு டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் சிக்கல். பெட்டி பெல்ட்டில் வரும். பெல்ட்டோ குடிநுழைவைத் தாண்டி இருக்கிறது. உள்ளே நுழையத் தகுதி இல்லாவிட்டால் பெட்டியை எடுக்க வழியில்லை. அதனால் சென்னை கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். கைப்பையோடு மட்டும் போகிறவர்களும் இதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மார்ச் 6

இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா இடைவழிச் சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இந்த எட்டில் ஒன்றின் விசாவோ நீண்டகால அனுமதியோ கையில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு 6 மாதம். 96 மணி நேரத்துக்குள் புறப்படும் உறுதியான டிக்கெட்டும் வேண்டும்.

அடிக்கடி தவறுவது ஷெங்கனில், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவில். பிரான்ஸோ இத்தாலியோ கொடுத்த ஷெங்கன் விசா இந்தப் பட்டியலில் சேராது; ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் கொடுத்ததுதான் சேரும். இன்னொன்று: மூன்றாவது நாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும். சென்னை, சிங்கப்பூர், மறுபடி சென்னை என்றால் அது இடைவழிப் பயணமே ஆகாது, விசா எடுக்கத்தான் வேண்டும்.

இலங்கை, மலேசிய பாஸ்போர்ட்டுகளுக்குக் குறுகிய வருகைக்கு விசாவே தேவையில்லை. குடும்பத்தில் ஆளுக்கொரு பாஸ்போர்ட் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 7

வெளியே வருகிறவர்கள் அரைவல் கார்டை, வந்திறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. தயவுசெய்து அங்கே பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அந்த எட்டு நாடுகளில் ஒன்றின் விசா, அடுத்த டிக்கெட் இரண்டையும் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். அனுமதிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. சலுகை என்பது உரிமை ஆகாது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். அதில் உள்ள கடைசித் தேதியை உடனே பாருங்கள்.

பையில் மின்சிகரெட் வேண்டவே வேண்டாம், இங்கே அது குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் அறிவிக்க வேண்டும்.

மார்ச் 9

ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பகுதி) போக நினைக்காதீர்கள். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் 2, 3ஆம் முனையங்களில் இருக்கிறது. எக்ஸ்போவில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டிப் பணம் செலுத்தும் (காண்டாக்ட்லெஸ்) வங்கி அட்டையே டிக்கெட். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவதானால் நண்பகலில் நடை சாத்துவதை நினைவில் வையுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் விமான நிலையத்தின் ஜுவல் வணிக வளாகம் போதும். அதன் 40 மீட்டர் அருவி முதலாம் முனையத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அதுவும் குடிநுழைவுக்கு வெளியேதான்.