எடை குறைந்தது சரி, தொடை என்ன ஆனது?

முட்டி வலி என்று கிளினிக்குக்குப் போனால் முதலில் காதில் விழுவது "எடையைக் குறையுங்கள்" என்பதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அம்மா வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் இதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எதைச் சாப்பிட்டு, எப்படிக் குறைப்பது என்று யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தோட்ட வேலைதான். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், ரப்பர் மரம் சீவி, தோளில் காண்டாக் கம்பு வைத்து வாளியில் பால் தூக்கியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதும் உதிரிப் பழம் பொறுக்கப் போனார். நாள் முழுக்கக் குந்திக் குந்தி எழுகிற வேலை அது. பல வருடங்கள் பாரம் தூக்குவதும் குந்தி எழுவதும் முட்டித் தேய்மானத்துக்கு வழிவிடும் என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். அதனால், "தின்னு பருத்ததால வந்த வலி" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

டாக்டர் சொன்னதை அம்மா தன் வழியில் நிறைவேற்றினார். காலையில் கஞ்சி, ஊறுகாய். மதியம் கொஞ்சம் சோறு, ரசம். ராத்திரிக்குக் கோப்பியில் நனைத்த பிஸ்கட். 78 கிலோவாக இருந்தவர் 71க்கு வந்துவிட்டார். "மெலிஞ்சிட்டீங்களே அக்கா" என்று கோயிலில் பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். வலியும் குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் சோபாவிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. குளியலறைப் படி ஒன்றே ஒன்றுதான், அதற்கும் சுவரைப் பிடித்தார். ஒரு நாள் ராத்திரி தைலம் தேய்க்கும்போது முட்டிக்கு மேலே கை வைத்துப் பார்த்தேன். காண்டா தூக்கிக் கல்லாக இருந்த அந்தத் தொடை கொழகொழவென்று விரலுக்குள் அமுங்கியது.

எடை குறைப்பது தப்பே இல்லை. 2005இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்து மெஸ்ஸியர் குழு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் இறங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது. அம்மாவின் 7 கிலோவை அப்படிக் கணக்குப் போட்டால் அடிக்கு 28 கிலோ. வலி குறைந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அதே குழு 454 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2013இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. அதில் உணவை மட்டும் குறைத்தவர்களையும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களையும் விட, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் வலி குறைவாக இருந்தது, நடமாட்டமும் நன்றாக இருந்தது.

காரணம் இதுதான். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. குறைகிற எடையில் சுமார் கால்பங்கு, தசையும் சேர்ந்த கொழுப்பில்லாத பகுதி. வயதானவர் பட்டினி கிடந்து, அசையாமலும் இருந்தால் இழப்பு இன்னும் கூடலாம். தொடையின் முன்பக்கத் தசை முட்டிக்கு மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர் மாதிரி, கால் தரையில் பதியும்போது அதிர்ச்சியை முதலில் வாங்குவது அதுதான். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. முட்டியில் வலியும் வீக்கமும் இருந்தால், அந்தத் தசையை முழுதாக வேலை செய்யவிடாமல் நரம்புகளே தடுத்துவிடும். வலியால் தசை இளைக்கும், இளைத்ததால் வலி கூடும். எடை போடும் மெஷினில் இதெல்லாம் தெரியாது.

பிசியோதெரபிக்கு எழுதி வாங்கிப் போனோம். அங்கிருந்த மலாய்ப் பெண் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைவு என்று கணக்கு. அம்மாவால் கையை விட்டு ஒரு தடவைகூட எழ முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "பெலான்-பெலான் (மெதுவா மெதுவா), ஆண்ட்டி" என்று அந்தப் பெண் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயங்கள்தான். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேரே நீட்டி, தொடையை இறுக்கிச் சில வினாடி பிடிப்பது. மெத்தை போட்டு உயர்த்திய நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, பழகப் பழக மெத்தையை எடுத்துவிடுவது. அப்புறம் கணுக்காலில் பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்குவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ராத்திரி டிவி நாடகம் ஓடும் நேரம்தான் அம்மாவுக்கு இதற்கு வசதி. இப்போது ஐந்து தடவையும் கையில்லாமல் எழுகிறார், 14 வினாடி ஆகிறது.

சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம். வயதானவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். அம்மாவுக்கு அது 70 கிராமுக்கு மேல். கஞ்சியும் ரசமும் அதன் பக்கத்தில்கூடப் போகாது. இப்போது காலையில் முட்டை, ஒன்றில் சுமார் 6 கிராம் இருக்கும். மதியம் கெம்போங் மீன், சோறு பாதி. வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் தெம்பேயை (புளிக்கவைத்த சோயாக் கட்டியை) மஞ்சளும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டிவிடுகிறேன். 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் மலிவு. ராத்திரி பிஸ்கட் போய்ப் பருப்பும் கீரையும் வந்துவிட்டது. இத்தனைக்கும் எடை கூடவில்லை.

எடை குறைக்கும் ஊசி பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். உடல் பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ள 407 பேரிடம் நடந்த, செமாகுளுடைடு என்ற ஊசி மருந்தின் ஆய்வு 2024இல் வெளியானது. 68 வாரத்தில் எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் நன்றாகவே இறங்கியது. அவர்களுக்கும் உணவு, உடலசைவு ஆலோசனை கூடவே தரப்பட்டது. ஊசியால் பசி அடங்கி, சாப்பாடு பாதியானால் தட்டில் முதலில் காணாமல் போவது மீனும் முட்டையும்தான் என்பது என் கவலை. போட்டுக்கொள்கிறவர்கள் டாக்டரிடம் தசையைப் பற்றியும் கேளுங்கள்.

இந்தத் தட்டு எல்லாருக்கும் பொருந்தாது. என் அத்தைக்குச் சர்க்கரை, சிறுநீரகமும் பலவீனம். அவருக்கு எவ்வளவு புரதம் என்பதை டயட்டீசியன்தான் சொல்ல வேண்டும். அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கு ரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.