முதல் பக்கத்துக் கேள்விகள்

மே 12, காசிமேடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த ஆய்வுக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. மற்ற மாதங்களில் பகலில் கதவைத் தட்டினால் பெண்களும் வயதானவர்களும்தான் கிடைப்பார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஊருக்கே சர்க்கரை இவ்வளவு என்று சொல்லிவிட முடியாது.

"மாசம் எவ்வளவுண்ணா வரும்?"

"எந்த மாசத்தைக் கேக்குற?"

வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில்தான் இவர்களுக்குப் பங்கு. மீன் படாவிட்டால் கடன். இப்போதோ வருமானமே இல்லை. படிவத்தின் முதல் பக்கத்தில் வருமானத்துக்கு ஒரே ஒரு கட்டம். ஓரத்தில் 'தடைக்காலம்' என்று எழுதி, நல்ல மாதத்துக்கும் மோசமான மாதத்துக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன்.

மே 14, பழைய வண்ணாரப்பேட்டை

ஒரு குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலையை அளக்க நாங்கள் பயன்படுத்துவது 1976இல் வந்த குப்புசாமி அளவுகோல். குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்பத்தின் மாத வருமானம் மூன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால் 3 முதல் 29க்குள் வரும். அதை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரிப்பார்கள். விலைவாசி ஏற ஏற வருமான வரம்பை மாற்றிக்கொள்வார்கள்.

இன்று பார்த்த அக்கா கூடை தூக்கி மீன் விற்கிறார். கணவர் பத்தாவது படித்தவர், முதுகு வலியால் வேலைக்குப் போவதில்லை. தலைவர் யார் என்று கேட்டேன்.

"உரிமைத் தொகை ஆயிரம் ரூபா என் அக்கவுண்ட்லதானே விழுது? அப்ப நான்தான்."

அவர் பேரையே எழுதினேன். படிப்புக்கான புள்ளி குறைந்தது, தொழிலுக்கான புள்ளி கூடியது. யாரைத் தலைவர் என்கிறோமோ அதற்கேற்ப அந்தக் குடும்பத்தின் வகுப்பே மாறிவிடலாம்.

மே 17

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒருவர், "இதெல்லாம் முதல் அட்டவணைதானே, சீக்கிரம் முடிங்க" என்றார். ஆய்வில் சேர்ந்தவர்களின் வயது, படிப்பு, வருமானம் போன்றவற்றைச் சொல்லும் அட்டவணை அது. எனக்குப் பொறுக்கவில்லை. 1956இல் இதே சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைச் சொன்னேன். ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்து சிகிச்சை, மற்றவர்களுக்கு வீட்டில். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, சத்துக் குறைந்த சாப்பாடு. இருந்தும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. உலகமே காசநோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிந்தது. அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்த முடிவுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

சரி, பேசிப் பேசி இரண்டு வருமானக் கட்டம் வைக்கச் சம்மதித்தார்கள். குடும்பத் தலைவர் கேள்வி இன்னும் முடிவாகவில்லை.

மே 18, கொருக்குப்பேட்டை

ஒப்பந்த வேலைக்கு மணலி போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைப்பார்கள். மாலை வரை இங்கேதான்.