ஒரே எலக்ட்ரான், இரண்டு நோட்டுகள்

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. வகுப்பில் நான் சொன்ன சில பதில்களை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அதில் முதலிடம், மதிய மணி அடித்த பிறகு ஒரு பிளஸ் டூ மாணவிக்குச் சொன்ன பதிலுக்கு.

அவள் என் மேசையில் இரண்டு நோட்டுகளை விரித்து வைத்தாள். ஒன்று இயற்பியல். நீல்ஸ் போரின் அணு மாதிரி, காலையில் நான் கரும்பலகையில் எழுதியது அப்படியே இருந்தது: ஹைட்ரஜனின் முதல் சுற்றுப்பாதையில் எலக்ட்ரானின் கோண உந்தம் (சுற்றும் இயக்கத்தின் அளவு) ஒரு ஹெச்-பார், அதாவது பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்து வருவது. மற்றது அவள் பிளஸ் ஒன்னில் எழுதிய வேதியியல் நோட்டு. அதில், ஹைட்ரஜன் எலக்ட்ரான் இருக்கும் 1எஸ் ஆர்பிட்டாலுக்கு, கோண உந்தத்தைக் குறிக்கும் எண்ணான எல்-இன் மதிப்பு 0, சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுழி.

"டீச்சர், இரண்டும் ஒரே ஹைட்ரஜன்தானே? எதை எழுதுவது?"

"இயற்பியல் தேர்வில் இதை எழுது, வேதியியல் தேர்வில் அதை எழுது" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம் தொண்டையில் இறங்கவில்லை.

சரியான விடை சுழிதான். எம்.எஸ்ஸி. படித்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். போர் 1913-இல் கோண உந்தம் ஹெச்-பாரின் 1, 2, 3 மடங்காகத்தான் இருக்க முடியும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஆரம் 0.53 ஆங்ஸ்ட்ராம், ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட். ஆற்றல் சோதனையோடு அப்படியே பொருந்தியது. வம்பே அதில்தான். விடை சரியாக இருந்தால் வழியை யார் பார்க்கிறார்கள்? நானே எத்தனை விடைத்தாளில் கடைசி வரியை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்! 1926-இல், எலக்ட்ரானை அலையாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தது. ஆற்றல் மாறவில்லை. 0.53 ஆங்ஸ்ட்ராமும், எலக்ட்ரானைக் காண அதிக வாய்ப்புள்ள தொலைவு என்ற புதுப் பொருளோடு நிலைத்துவிட்டது. கோண உந்தம் மட்டும் ஒன்றிலிருந்து சுழிக்கு இறங்கியது.

இதற்கிடையில் 1922-இல் பிராங்க்ஃபர்ட்டில் நடந்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் வெள்ளியை அடுப்பில் ஆவியாக்கி, அந்த அணுக்களை மெல்லிய பிளவுகள் வழியாக, ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் தளர்ந்தும் இருக்கும் காந்தப்புலத்துக்குள் அனுப்பினார்கள். கண்ணாடித் தகட்டில் படிந்த வெள்ளி இரண்டாகப் பிரிந்திருந்தது. பிளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். போர் கொள்கையும் இரண்டு என்றே சொன்னது: ஒரு ஹெச்-பார் கோண உந்தம், புலத்தின் திசையில் அல்லது எதிர்த்திசையில். கெர்லாக் தகட்டின் படத்தை அஞ்சலட்டையில் ஒட்டி, 'உங்கள் கொள்கை உறுதியாகிவிட்டது, வாழ்த்துகள்' என்று போருக்கு அனுப்பினார். தேதி பிப்ரவரி 8.

உறுதியானது அதுவல்ல. சுற்றுப்பாதைக் கோண உந்தத்தால் பிரிவது எப்போதும் ஒற்றைப்படைதான்: இரண்டு எல் கூட்டல் ஒன்று. 1, 3, 5 என்று போகும். இரண்டு வரவே வராது. வெள்ளியின் வெளி எலக்ட்ரான் 5எஸ். எல் சுழி. அதன் கணக்குப்படி ஒரே கோடுதான் விழுந்திருக்க வேண்டும். இரண்டாகப் பிரித்தது எலக்ட்ரானின் தற்சுழற்சி, அதாவது ஸ்பின்: சுற்றுப்பாதையைச் சாராத, அதன் சொந்தக் கோண உந்தம். ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அந்தக் கருத்தையே 1925-இல்தான் முன்வைத்தார்கள். 1927-இல் ஃபிப்ஸும் டெய்லரும் ஹைட்ரஜனையே இப்படிச் செலுத்திப் பார்த்தார்கள், அங்கும் இரண்டு. சோதனையில் பிழை இல்லை, வாழ்த்துதான் இடம் மாறிப் போனது. நானாக இருந்தாலும் அந்த அஞ்சலட்டையை அனுப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். அவள் விடுவதாக இல்லை.

"சுழி என்றால் சுற்றவே இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஏன் டீச்சர் எலக்ட்ரான் கருவுக்குள் விழவில்லை?"

சாவிக் கொத்தை நூலில் கட்டிச் சுழற்றிக்கொண்டே பாடம் நடத்தியவள் நான். சுற்றுவதால்தான் விழவில்லை என்று அவள் மனத்தில் பதியவைத்ததும் நான்தான். போரின் மாதிரியை விரிவாக்கிய சோமர்ஃபெல்டுக்கும் இதே பயம். கோண உந்தம் சுழியானால் எலக்ட்ரான் நேர்கோட்டில் போய்க் கருவில் முட்டும் என்று அந்தப் பாதையையே அவர் விலக்கிவைத்தார்.

சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "அது சிறிய இடத்தில் அடங்க மறுக்கிறது. நெருக்க நெருக்க அதன் இயக்க ஆற்றல் ஏறும். அதனால்தான் பரவி நிற்கிறது. ஆனால் கருவைத் தொடாமல் இல்லை. எஸ் எலக்ட்ரானின் அடர்த்தி கருவின் இடத்தில்தான் உச்சம்."

"தொட்டால் ஒன்றும் ஆகாதா?"

"ஹைட்ரஜனில் ஆகாது. பொட்டாசியம்-40-இல் ஆகும். சிதையும் கருக்களில் 100-க்குச் சுமார் 11, தன் எலக்ட்ரானையே விழுங்கி ஆர்கான் ஆகிவிடும். பெரும்பாலும் 1எஸ் எலக்ட்ரானைத்தான். நீ காலையில் தின்ற வாழைப்பழத்திலும் அது கொஞ்சம் இருக்கிறது."

அவள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு இயற்பியல் நோட்டைத் திறந்தாள். பேனாவில் எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு, அதைச் சுற்றி வட்டமிட்டு, கீழே சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டாள்: 'பரீட்சையில் எழுதக் கூடாது'.