ஆல்ட் கோட்டுக்குள்ள ஒரு கௌரிமனோகரி

கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் கீபோர்ட் வாசிக்கிற பெடியள் கனபேருக்கு மேஜர், மைனர், செவன்த் கோட் (chord, சேத்து அமத்துற சுரங்கள்) எல்லாம் தண்ணி பட்ட பாடு, சேர்ச்சில வாசிச்சு வாசிச்சு வந்த கை அது. ஆனா ஜாஸ் பக்கம் வந்து தாளில ஜி செவன் ஆல்ட் (G7alt, ஆல்டர்ட், அதாவது சில சுரத்தை மாத்தின ஜி செவன்) எண்டு எழுதிக் கிடந்தா அப்பிடியே கை நிண்டு போகுது. எனக்கு இந்தக் கோட்டில சரியான விருப்பம், அதால கொஞ்சம் விளக்கமா எழுதுறன்.

ஜி செவன்ல உயிர் இருக்கிறது பி, எஃப் எண்ட ரண்டு சுரத்தில. அதுகளில கை வைக்கிறேல்ல. ஜியில இருந்து எண்ணேக்க அஞ்சாவதா வாற டியையும் ஒன்பதாவதா வாற ஏயையும்தான் அரைச்சுரம் (கறுப்பு வெள்ளை பாக்காம ஒட்டின பக்கத்துக் கட்டை) மேலயோ கீழயோ தள்ளுறது. டிக்குப் பதிலா டி பிளாட் இல்லாட்டி ஈ பிளாட், ஏக்குப் பதிலா ஏ பிளாட் இல்லாட்டி பி பிளாட். ஆல்ட் எண்டு மட்டும் எழுதியிருந்தா இந்த நாலில எதை எடுக்கிறது எண்டது வாசிக்கிற ஆளின்ர விருப்பம், பாட்டில அந்த இடத்தில என்ன சுரம் போகுது எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.

இப்ப இடது கையில எஃப், ஏ, சி, ஈ பிடியுங்கோ, இது டி மைனர், டியை பேஸ் கிட்டார்காரன் பாத்துக்கொள்ளுவான். எஃப்பை அப்பிடியே விட்டிட்டு மற்ற மூண்டு விரலையும் அரைச்சுரம் இறக்குங்கோ: எஃப், ஏ பிளாட், பி, ஈ பிளாட். அவ்வளவுதான், ஜி செவன் ஆல்ட் வந்திட்டுது! அங்கயிருந்து பியை விட்டிட்டு மிச்சம் மூண்டையும் திரும்ப அரைச்சுரம் இறக்கினா ஈ, ஜி, பி, டி, சி மேஜர்ல வந்து இருந்திடுவீங்கள். கை எங்கயும் பாயேல்ல, ஆனா காதுக்கு அந்த நடுக்கோட்டில ஒரு நெருக்கம் வந்து பிறகு அவிழுது பாருங்கோ, அதுக்குத்தான் இவ்வளவும்.

ரண்டு கையாலயும் வாசிக்கிறதெண்டா இடதில எஃப்பும் பியும், வலதில சும்மா ஒரு ஈ பிளாட் மேஜர். பி பிளாட் பிக்கு மேல வரவேணும், கீழ பக்கத்தில வச்சா சேறாகிப் போகும். ஸ்ட்ரிங்ஸ் சவுண்டில இதைப் பழகாதேங்கோ, பியானோ சவுண்டில வையுங்கோ.

சோலோ எடுக்கிறதுக்கு வருவம். இதிலதான் எங்கட பிள்ளையளுக்குப் பெரிய வசதி இருக்குது. ஓஎல்லுக்குச் சங்கீதம் எடுத்ததுகள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எழுதினதுகள் எல்லாத்துக்கும் கௌரிமனோகரி தெரியும், 72 மேளகர்த்தா ராகத்தில 23ஆவது மேளம். ஜியில இருந்து அரைச்சுரம் ஏறி ஏ பிளாட்டை ஷட்ஜமா வச்சு கௌரிமனோகரி வாசியுங்கோ. ஏ பிளாட், பி பிளாட், பி, டி பிளாட், ஈ பிளாட், எஃப், ஜி. முதல் சொன்ன, தள்ளி வச்ச நாலு சுரமும் இருக்குது, பியும் எஃப்பும் இருக்குது, நிஷாதமா ஜியும் நிக்குது. ஜாஸ்காரர் ஆல்டர்ட் ஸ்கேல் எண்டு சொல்லுறது கௌரிமனோகரியை நிஷாதத்தில இருந்து பாக்கிறதைத்தான். கிரகபேதம், அதாவது ராகத்தின்ர வேற ஒரு சுரத்தை ஷட்ஜமா வச்சுப் பாக்கிறது, செய்யேக்க மத்திமத்தில வாசஸ்பதி வரும், பஞ்சமத்தில சாருகேசி வரும், நிஷாதத்தில பஞ்சமம் கிடைக்காததால 72க்குள்ள ஒண்டும் வராது, அதாலதான் எங்கட ஆக்கள் அதுக்கு மேளப்பேர் வைக்கேல்ல. மத்திமம் எண்டா இதில டி பிளாட், வாசஸ்பதி எண்டா டி பிளாட் செவன்ர சுரங்கள், ஜி செவனுக்குப் பதிலா டி பிளாட் செவன் போடுறாங்களே அதுவும் இதே குடும்பம்தான். என்னைக் கேட்டா புத்தகத்தில இருக்கிற ஸ்கேல் பேரைப் பாடமாக்கிறதை விட இந்த வழியில கெதியாப் பிடிபடும், பாடின சுரம் தானே, காதுக்குள்ள ஏற்கனவே கிடக்குது.

முதல்ல சி மைனருக்குப் போற இடத்தில பழகுங்கோ, ஏ பிளாட்டும் ஈ பிளாட்டும் அந்த வீட்டுச் சுரங்கள்தான், அதால உறுத்தாது. பிறகு சி செவன் ஆல்டுக்கு டி பிளாட்டில ஷட்ஜம், எஃப் செவன் ஆல்டுக்கு எஃப் ஷார்ப்பில.