மூன்றாம் துளையில் ரிஷபம்: ட்ரோஸிங்கனில் ஒரு வார இறுதி

பத்துத் துளை ஹார்மோனிகாவில் மோகனம் வாசிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி எளிது. சி ஹார்மோனிகாவை, அதாவது நம் கணக்கில் 1 கட்டை சுருதியை, எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் துளையை ஊதினால் ஸ, மூச்சை உள்ளே இழுத்தால் ரி. ஐந்தை ஊதினால் க. ஆறை ஊதினால் ப, இழுத்தால் த. ஏழை ஊதினால் மேல் ஸட்ஜம். எதையும் வளைக்க வேண்டாம். கருவி வாங்கிய முதல் வாரத்திலேயே ஆரோகணம், அவரோகணம் வந்துவிடும்.

இரண்டாவது வழியில் ஸட்ஜம் இரண்டாம் துளையின் இழுப்பில் இருக்கிறது. அது மேற்கத்தியப் பெயரில் ஜி, நம் கணக்கில் 5 கட்டை. மூன்றாம் துளையை இழுத்தால் காந்தாரம். ரிஷபத்துக்கு அந்த இடத்தில் அதிர்ந்து ஒலி எழுப்பும் தகடே கிடையாது. மூன்றாம் துளையின் இழுப்பை வாய்க்குள்ளேயே ஒரு முழுச் சுரம் கீழே வளைத்துத்தான் ரிஷபத்தைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பெண்டிங் என்று பெயர். கடினமான வழிதான், ஆனால் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒரே மூச்சில், இடையில் அறுபடாமல், குரல் ஏறுவதுபோல ஏறலாம். ஜாரு, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம், கிடைக்கிறது. முதல் வழியில் காந்தாரம் ஐந்தாம் துளையின் ஊதலில் அசையாமல் நிற்கும். ரிஷபத்திலும் தைவதத்திலும் மட்டும் கொஞ்சம் அசைவு காட்டலாம். மோகனம் மோகனமாகக் கேட்க எனக்கு இரண்டாவது வழிதான் வேண்டியிருந்தது.

பல மாதங்களாக அந்த ரிஷபம் ஒருநாள் நிற்கும், மறுநாள் நழுவும். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் ட்ரோஸிங்கனில் நடந்த வார இறுதி ஹார்மோனிகா விழாவுக்குப் பெயர் கொடுத்தேன். எந்த நிலையில் இருப்பவரும் வரலாம் என்பதுதான் அழைப்பு. முதல்முறையாகக் கருவியைத் தொடுபவரும் மேடை வாசிப்பவரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள்.

ட்ரோஸிங்கன் தென்மேற்கு ஜெர்மனியில் இருக்கும் சிற்றூர். ஷ்டுட்கார்ட்டிலிருந்து ரோட்வைல் வழியாகப் போனேன். முக்கிய ரயில் பாதை ஊரைத் தொடாமல் போவதால், நிலையத்தையும் ஊரையும் இணைக்க 1898-இல் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனியாக ஒரு மின்ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்ன ஊருக்கு அந்தக் காலத்தில் அது கிடைத்ததைப் பார்த்தாலே இங்கிருந்து எவ்வளவு சரக்கு வெளியே போயிருக்கும் என்று தெரிகிறது. மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி 1857-இல் இங்கேதான் ஹார்மோனிகா செய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் செய்தது 650. பிறகு ஊரே இந்தத் தொழிலில் இறங்கியது. வீட்டிலிருந்தபடியே ஆலைக்கு வேலை செய்து கொடுத்த குடும்பங்கள் ஏராளம். பழைய ஆலைக் கட்டடத்தில் இப்போது ஹார்மோனிகா அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அதைச் சுற்றிப் பார்த்தேன். 1896-இல் வந்த மரைன் பேண்ட் என்ற மாடலின் அமைப்பும் இன்று என் சட்டைப் பையில் இருக்கும் கருவியின் அமைப்பும் அடிப்படையில் ஒன்றுதான். பேரிக்காய் மரத்துக்குப் பதில் என்னுடையதில் பிளாஸ்டிக், அவ்வளவே.

சனிக்கிழமை காலை நிலைவாரியாகக் குழு பிரித்தார்கள். நான் வேண்டுமென்றே தொடக்கநிலைக் குழுவில் போய் உட்கார்ந்தேன். இந்த விழாவில் எடுத்த மிக நல்ல முடிவு அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட சுரம் மட்டும்தான். வயிற்றிலிருந்து மூச்சு, தளர்ந்த தாடை, கருவியை உதட்டு நுனியில் வைக்காமல் நன்றாக உள்ளே வாங்கிக்கொள்வது. என் பக்கத்தில் இருந்த பெண் தன் புதுக் கருவியின் இரண்டாம் துளை கெட்டுவிட்டது, இழுத்தால் சத்தமே வரவில்லை என்றார். ஆசிரியர் வேறொரு கருவியில் அவரை இழுக்கச் சொன்னார். அதிலும் அப்படியேதான். “கொட்டாவி விடுவதுபோலத் தொண்டையைத் திறந்துகொண்டு இழுங்கள்” என்றார். உடனே முழங்கியது. புதிதாக வாசிப்பவர்களின் வாய் தன்னை அறியாமலே அந்தத் துளையை வளைக்கப் பார்க்கிறது, அதனால்தான் தகடு திணறுகிறது என்று விளக்கினார். அப்போதுதான் என் ரிஷபத்தின் சிக்கலும் எனக்குப் புரிந்தது. வளைக்காமல் இழுக்கும்போது திறந்த வாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், வளைக்கும்போது எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

பிற்பகலில் பெண்டிங் வகுப்பு. அதன் அடிப்படை இதுதான். ஒவ்வொரு துளையிலும் ஊதலுக்கு ஒன்று, இழுப்புக்கு ஒன்று என இரண்டு பித்தளைத் தகடுகள். மூன்றாம் துளையில் ஊதினால் ஜி, இழுத்தால் பி. இரண்டுக்கும் நடுவே மூன்று சுர இடங்கள் இருப்பதால் இழுப்பை மூன்று படிகள் வளைக்கலாம். நாக்கின் பின்பகுதியை நகர்த்தி வாய்க்குள்ளிருக்கும் இடத்தின் அளவை மாற்றும்போது, ஊதலுக்கான தகடும் சேர்ந்து அதிரத் தொடங்கி ஒலியைக் கீழே இறக்குகிறது. ஐந்தாம் துளையின் இரு தகடுகளுக்கும் இடையே அரைச்சுரத் தூரம்தான். ஆகவே அங்கே வளைக்க அநேகமாக இடமில்லை. முதல் ஆறில் மற்ற துளைகள் எல்லாம் இழுப்பில் வளையும்.

எனக்கு வேண்டியது மூன்று படிகளில் நடுப்படி. மேலேயும் நிற்கக் கூடாது, கீழேயும் போய்விடக் கூடாது. ஆசிரியர் இருவர் இருவராகச் சேர்த்துவிட்டார். ஒருவர் ஆறாம் துளையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது மேல் ஸ்தாயியின் அதே ரிஷபம். மற்றவர் மூன்றாம் துளையை வளைத்து அதனோடு சேர வேண்டும். சேராதவரை இரண்டு ஒலிகளும் மோதி அலையடிக்கும், சேர்ந்ததும் அலை நின்றுவிடும். டியூனர் செயலியின் முள்ளைப் பார்த்துப் பழகியதைவிட இது பல மடங்கு பயன் தந்தது, ஏனென்றால் காது வேலை செய்கிறது. வாயின் வடிவத்துக்கு ‘ஈ’யிலிருந்து ‘ஊ’வுக்குப் போகச் சொன்னார்கள். என் வாய்க்கு ‘ஊ’ முதல் படியிலேயே நின்றது. ‘ஓ’ என்று தொண்டையை இறக்கியபோது நடுப்படி வந்தது. அடுத்த கட்டம், காந்தாரம் கேட்காமல் நேரடியாக ரிஷபத்தில் தொடங்குவது. அதற்குச் சுரத்தை மனசுக்குள் பாடிவிட்டு இழுக்க வேண்டும். பாட்டுப் பயிற்சி இல்லாதவர்களுக்கு இதுதான் பெரிய தடை. நமக்கு ஸரிகம சொல்லிப் பழக்கம் இருப்பது இங்கே நிஜமாகவே கைகொடுக்கிறது.

பழுது பார்க்கும் மேசையில் அரை மணி நேரம் நின்றேன். தகட்டின் நுனியில் துளி சுரண்டினால் சுருதி ஏறும். ஆணியடித்த அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். நுனிக்கும் அதைத் தாங்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளி அகலமாக இருந்தால் மூச்சு வீணாகும். குறுகலாக இருந்தால் அழுத்தி இழுக்கும்போது தகடு அடைத்துக்கொள்ளும். என் மூன்றாம் துளையின் இடைவெளியை மெல்லிய தகடு ஒன்றைச் செருகிக் கொஞ்சம் சரிசெய்து கொடுத்தார்கள். வித்தியாசம் உடனே தெரிந்தது.

இரவு மூவர் குழு ஒன்று வாசித்தது: பன்னிரண்டு சுரங்களும் வரும் குரோமாட்டிக் ஹார்மோனிகா ஒன்று, தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் ஹார்மோனிகா ஒன்று, 48 கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்கள்) கொண்ட நீளமான கார்டு ஹார்மோனிகா ஒன்று. ஒரு முழு வாத்தியக் குழுவின் ஒலி மூன்று பேரின் மூச்சிலிருந்து வருவதை நேரில் கேட்க வேண்டும். பிறகு பன்னிரண்டு பார் ப்ளூஸில், அதாவது பன்னிரண்டு தாள அளவுகள் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் ப்ளூஸ் இசையில், எல்லோரும் கலந்துகொண்டார்கள். ஈ சுருதிப் பாட்டுக்கு ஏ ஹார்மோனிகா, ஜி சுருதிக்கு சி. எல்லாம் அந்த இரண்டாம் வழிதான். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் அடங்கியிருக்கும் ஒழுங்கு அழகாக இருந்தது. காலையில் இரண்டாம் துளை பேசாமல் தவித்த பெண் இரவில் அந்த ஒரே துளையைத் தாளத்தோடு இழுத்து ஒரு சுற்று முழுக்க வாசித்தார். கூடம் அதிரக் கைதட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை உணவின்போது பேச்சு எங்கள் இசைப் பக்கம் திரும்பியது. மோகனத்தின் அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கருவி ஒன்று, துளைகளும் அவையே. தொடக்கநிலைக் குழுவிலிருந்து வந்த நான்கு பேர் அங்கேயே மத்தியமாவதியைக் கற்றுக்கொண்டார்கள்: நான்கு இழுப்பு, ஐந்து ஊதல், ஆறு ஊதல், ஆறு இழுப்பு, ஏழு ஊதல், எட்டு இழுப்பு. பெண்டிங் எதுவும் தேவையில்லை. புதிதாகத் தொடங்கும் தமிழர் யாருக்கும் இதையே முதல் பாடமாகச் சொல்வேன்.

திறந்த மேடையில் இரண்டாம் வழியில் மோகனம் வாசித்தேன். கிதார்க்காரரிடம் கார்டு எதுவும் மாற்ற வேண்டாம், ஜி, டி என்ற இரண்டு சுரங்களை மட்டும் மீட்டிக்கொண்டிருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சிரமம் மூச்சில்தான் வந்தது. ஸ, ரி, க, ப நான்கும் இழுப்பு. தைவதமும் மேல் ஸட்ஜமும்தான் ஊதல். கீழ்ப்பகுதியில் கொஞ்ச நேரம் சஞ்சரித்தாலே நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் மூக்கு வழியாக மூச்சை வெளியே விட இடம் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

அந்தப் பதிவை முறையாகப் பாட்டுக் கற்ற என் அக்காவுக்கு அனுப்பினேன். “ரிஷபம் நிக்குதுடா. காந்தாரத்துல இருந்து இறங்கும்போதுதான் அவசரப்படுறே, அங்க ஒரு நொடி இரு” என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். வளைவுக்குள் போகும் வேகத்தை நாக்கு இன்னும் முழுசாகக் கட்டுப்படுத்தவில்லை. இப்போது தினமும் 5 கட்டை தம்புராவைப் போட்டுக்கொண்டு க-ரி, க-ரி-ஸ மட்டும் மிக மெதுவாக வாசித்து வருகிறேன்.

இதோடு கரகரப்பிரியாவையும் தொட்டிருக்கிறேன். நான்காம் துளையின் இழுப்பை ஸட்ஜமாக வைத்தால், 2 கட்டையில், எட்டாம் துளையின் இழுப்புவரை ஏழு சுரங்களும் தகட்டிலேயே இருக்கின்றன. ஆனால் காந்தாரம் அந்த வளையாத ஐந்தாம் துளையில் போய் விழுகிறது. அந்த ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் வாசிக்க எனக்கு மனசில்லை. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வாசித்தால் அந்தக் காந்தாரம் இரண்டாம் துளையின் வளைவில் கிடைக்கிறது. ஸட்ஜம் முதல் துளையின் இழுப்பு, ரிஷபம் இரண்டாம் துளையின் ஊதல். அந்த வளைவைத்தான் இந்த வாரம் எடுத்திருக்கிறேன்.