என் நோயைப் பற்றிப் பிறரிடம் பேசத் தொடங்கியது

அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் என்னை, செவிலியர் பயிற்சி மாணவர்களிடம் வந்து பேச முடியுமா என்று கேட்டபோது, அதற்கான ஆயத்தப் பயிற்சி ஒன்றில் முதலில் சேர்ந்தேன். எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருவார்கள் என நினைத்துப் போனால், முதல் அமர்வு முழுவதும் பேசலாமா வேண்டாமா என்பதிலேயே கழிந்தது. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிக் காரிகனின் அணுகுமுறையைத் தழுவிய அப்பயிற்சியில், நோயை வெளியே சொல்வதைக் கடமையாகவோ வீரமாகவோ யாரும் கருதுவதில்லை. ஒருவரிடம் சொன்னால் என்ன கிடைக்கும், என்ன பறிபோகும் என்று எழுதிப் பார்க்கச் சொன்னார்கள்; வீட்டார், மேலதிகாரி, நண்பர் என்று தனித்தனியே எழுதியபோது விடைகளும் வெவ்வேறாகவே வந்தன. யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கும் ஊரறியச் சொல்வதற்கும் இடையே பல படிகள் உண்டு என்பதும், நம்பத்தக்க சிலரிடம் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தன.

பேச்சைத் தயாரிக்கும்போது மரபணு, மூளை வேதியியல், லித்தியம் மருந்து ஆகியவற்றை விரிவாகச் சேர்க்க விரும்பினேன். பயிற்சியாளர் அதைச் சுருக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மனநோயை வெறும் மூளைக் கோளாறாக விளக்கும்போது நோயாளியைக் குறைசொல்லும் போக்கு தணிந்தாலும், இவர் குணமடையவே மாட்டார் என்ற எண்ணம் வலுப்படக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயோடு வாழ்பவரை நேரில் அறிந்து பழகுவதே மனநோய் மீது சமூகம் சுமத்தும் களங்கத்தைக் குறைப்பதில் கூடுதல் பயன் தருவதாக, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கையும் கூறுகிறது. பழகுவது என்றாலும் ஒருவர் மேடையிலும் மற்றவர்கள் கீழேயும் இருந்தால் போதாது. பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்க வேண்டுமானால் சம நிலை, பொது நோக்கம், ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை தேவை என்ற நிபந்தனைகளை அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே வகுத்திருந்தார். ஆகவே உரையைச் சுருக்கிவிட்டு, புதிதாக வரும் நோயாளியிடம் முதலில் என்ன கேட்பது என்ற வினாப்பட்டியலை மாணவர்களும் நானும் ஒன்றாக அமர்ந்து திருத்தினோம்.

நீங்கள் யாரையாவது தாக்கியதுண்டா என்று ஒரு மாணவர் தயங்கியபடியே கேட்டார். இல்லை என்றேன். கடும் மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம் என்பதையும் சொன்னேன். (கேட்காமல் மனத்திற்குள் வைத்திருப்பதைவிட இப்படிக் கேட்டுவிடுவது மேல்.)

அவர்கள் அதிகமாகக் குறிப்பெடுத்தது நான் எதிர்பாராத இடத்தில். ஒருமுறை நெஞ்சுவலியோடு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, என் மருந்துப் பட்டியலைப் பார்த்தவர், இதயத்தைப் பரிசோதிக்காமலே 'பதற்றம்தான்' என்று திருப்பி அனுப்பினார். இவ்வாறு உடல் நோயின் அறிகுறிகளை மனநோயின் கணக்கில் எழுதிவிடுவதால் பலருக்குச் சிகிச்சை தாமதமாகிறது. மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடல்வலியை முதலில் உடல்வலியாகவே பரிசோதிக்க வேண்டும் என்ற வரியை மாணவர்களே வினாப்பட்டியலின் தலைப்பில் சேர்த்தார்கள்.

ஒரே சந்திப்பின் தாக்கம் நாளடைவில் மங்கிவிடும் என்பதாலும், என்னை மட்டும் பார்ப்பவர்கள் 'இவர் விதிவிலக்கு' என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதாலும், ஒவ்வொரு பருவத்திலும் வேறொருவரையும் அழைக்கக் கேட்டுக்கொண்டேன். இப்போது மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவர் பேசுகிறார். கேள்வி நேரத்தை மட்டும் நான் கவனித்துக்கொள்கிறேன்.